ஆவணியில் வெட்டினால் ஐப்பசியில் பூக்குமா?

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

பதினெட்டு வருடம் வாடகை வீட்டில் இருந்தவர். ஐந்து வருடத்துக்கு முன்பு சொந்தமாக மாடி வீடு கட்டிக் குடிவந்திருக்கிறார். வந்த கையோடு நர்சரியில் ஒரு பவளமல்லிக் கன்று வாங்கி, வீட்டுக்கு வடக்கே, சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் நட்டார். சுவரிலிருந்து 4 அடி தூரம். சின்ன வயதில் அம்மா வீட்டுக் கிணற்றடியில் பவளமல்லி இருந்ததாம். "விடிகாலையில் தண்ணீர் இறைக்கப் போனால் தரை தெரியாது ஐயா, மிதிக்க மனசு வராமல் ஓரமாகவே நடப்போம்" என்று எழுதியிருக்கிறார். அந்தத் தரையைத் தன் வீட்டிலும் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. செடி 10 அடிக்கு வளர்ந்துவிட்டது, இலை கருகருவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. போன கார்த்திகையில் மொத்தமே ஒரு கைப்பிடி. இத்தனைக்கும் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார், மாதம் ஒரு பிடி யூரியா வைக்கிறார், ஒவ்வொரு வருடமும் விநாயகர் சதுர்த்திக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஆள் வைத்துக் கிளைகளை ஒழுங்காகக் கழித்தும் விடுகிறார்.

இதற்கிடையே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கழிக்க வந்த ஆள், "இது ஆண் மரம், பூக்காது" என்கிறார். மாமியார், "அது துக்க மரம், பாம்பு வேறு வரும்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், கிளை தங்கள் பக்கம் நீட்டுகிறது, கம்பளிப்பூச்சி விழுகிறது, நீங்கள் வெட்டாவிட்டால் நானே வெட்டுவேன் என்று சொல்லிவிட்டார். கணவர், இதை எடுத்துவிட்டு போகன்வில்லா வைக்கலாம் என்கிறார். கடைசியில் கேள்வி போல் இல்லாமல் ஒரு வரி: முழங்கால் வலிக்காக இந்த இலையைக் கொதிக்க வைத்து அவரும், சர்க்கரை மாத்திரை சாப்பிடும் கணவரும் தினமும் குடித்து வருகிறார்களாம்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை. ஆண் மரமும் இல்லை. பவளமல்லியின் ஒவ்வொரு பூவிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கும். பனையில் ஆண் பனை, பெண் பனை இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லா மரத்துக்கும் அதைச் சொல்லிவிடுகிறார்கள். போன வருடம் ஒரு கை பூ வந்ததே, அதுவே அந்தச் செடியால் பூக்க முடியும் என்பதற்குச் சாட்சி. அதைப் பூக்க விடாமல் தடுப்பவை மூன்று. மூன்றுமே நீங்கள் பாசத்தோடு செய்தவை, அல்லது தெரியாமல் நடந்தவை. எதுவும் கைமீறிப் போய்விடவில்லை.

வெயில் வருகிறது, வேண்டிய மாதத்தில் வருவதில்லை

"சந்தில் நல்ல வெயில்தான் ஐயா, சித்திரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை. ஏமாற்றமும் அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் சூரியன் வருடத்தில் இரண்டு முறை உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். சித்திரை முதல் வாரத்தில் ஒரு முறை, ஆவணி முதல் பாதியில் இன்னொரு முறை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அப்போதுதான் வடக்குச் சந்தில் வெயில் கொளுத்துகிறது. ஆவணி பாதிக்கு மேல் சூரியன் தெற்கே சாயத் தொடங்கும். வீட்டின் நிழல் வடக்கே நீளும். 20 அடி உயரமுள்ள மாடி வீட்டுக்கு ஐப்பசி மாத நண்பகல் நிழலே 8, 9 அடி இருக்கும். மார்கழியில் 13 அடியைத் தாண்டும். உங்கள் செடியோ சுவரிலிருந்து 4 அடியில், 10 அடி உயரத்தில் நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐப்பசி, கார்த்திகையில் அதன் நுனிக்குக்கூட உச்சி வெயில் கிடைக்காது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் பக்கவாட்டில் வந்தால் உண்டு.

பவளமல்லி பூப்பதோ அந்த மாதங்களில்தான். நம் முன்னோர் வருடத்தை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். கார் காலத்தில் மொட்டுக் கட்டி, கூதிரில் கொட்டித் தீர்ப்பது பவளமல்லியின் இயல்பு. வங்காளத்தில் இதை ஷியூலி என்பார்கள். அங்கே துர்கா பூஜை வரப்போகிறது என்று சொல்வதே இந்தப் பூவின் வாசனைதான். மேற்கு வங்கத்தின் மாநிலப் பூவும் இதுவே. இந்தியத் துணைக்கண்டத்தின் சொந்தச் செடி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவின் வறண்ட மலைச்சரிவுகளிலும் தானாக வளர்வது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக்கொண்டு போகும் பூக்களில் வரும் 'சேடல்' இதுதான் என்பது உரைகாரர்கள் கருத்து. பாறை இடுக்கிலும் சரளை மண்ணிலும் நாளெல்லாம் வெயில் வாங்கிப் பழகிய வம்சம் இது. ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அரை நிழலில் சாகாது. இலை விட்டு உயரமாக ஓடும், ஆனால் பூவைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் நடப்பது அதேதான்.

உங்கள் அம்மா வீட்டுக் கிணற்றடியை நினைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் திறந்த இடமாக இருந்திருக்கும், பக்கத்தில் மாடி எதுவும் இருந்திருக்காது.

சதுர்த்திக் கத்தரியும் யூரியாவும்

பவளமல்லி அந்தந்த வருடம் விட்ட புதுக்கிளையின் நுனியில்தான் பூங்கொத்து வைக்கும். கோடைமழைக்குப் பிறகு துளிர்த்து, ஆடி முழுக்க நீண்டு, ஆவணியில் அந்த நுனிகளில் மொட்டுக் கட்டத் தொடங்குகிறது. சரியாக அந்த நேரத்தில் நீங்கள் ஆள் வைத்து நுனிகளைக் கழிக்கிறீர்கள். கீழே விழுந்த தழையோடு அந்த வருடப் பூவும் குப்பைக்குப் போய்விடுகிறது. செடி பதறிப்போய் மறுபடி துளிர் விடும். அந்தத் துளிர் முற்றி மொட்டு வைப்பதற்குள் மார்கழி வந்துவிடும். போன கார்த்திகையில் கிடைத்த ஒரு கைப்பிடிப் பூ, கத்தரிக்குத் தப்பிய கிளைகளில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே இந்த வருடம் உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் கடிதம் ஆடியில் வந்திருக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது. சதுர்த்திக்கு வீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் சுத்தம் செய்யுங்கள், பவளமல்லி மேல் மட்டும் கத்தரி படக் கூடாது. கழிக்க ஏற்ற காலம் பூவும் காயும் முடிந்த பிறகு, தை கடைசியிலிருந்து மாசிக்குள். அப்போது மூன்றில் ஒரு பங்கு வரை தைரியமாக வெட்டலாம். நன்றாக வெட்டினால் கிளை பிரியும், கிளை பிரிந்தால் நுனி கூடும், நுனி கூடினால் பூ கூடும். அதே கத்தரி, அதே கை, மாதம்தான் வேறு.

யூரியாவை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது முழுக்கத் தழைச்சத்து. உங்கள் செடியின் இலை கருகருவென்று இருப்பது அதனால்தான். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் தழைச்சத்து மிதமிஞ்சிக் கிடைக்கிற செடி இலை விடுவதிலேயே காலத்தைக் கழிக்கும். வருடத்துக்கு ஒரு முறை, மாசியில் கழித்த பிறகு, நன்றாக மக்கிய தொழுவுரம் இரண்டு கூடை, கூடவே இரண்டு கை எலும்புத்தூள். அவ்வளவு போதும். சாம்பல் போடச் சொல்வார்கள், உங்கள் பக்கத்து மண்ணுக்கு நான் சொல்ல மாட்டேன். படுகை மண்ணில் பல இடங்களில் உவர் ஏற்கனவே அதிகம். சாம்பல் அதைக் கூட்டும்.

தண்ணீரும் அப்படித்தான். வேரூன்றிய பவளமல்லி வறட்சி தாங்கும், காலில் தண்ணீர் நின்றால் தாங்காது. களிமண்ணில் தினமும் ஊற்றினால் வேருக்கு மூச்சு முட்டும். இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். கோடையில் வாரம் இரண்டு முறை ஆழமாக ஊற்றுங்கள், மழைக்காலத்தில் தண்ணீர் வடிகிறதா என்று பார்த்தால் மட்டும் போதும். இன்னொன்று: கோடை உச்சத்தில் இது இலையைக் கொட்டும். பட்டுப்போகிறதோ என்று பயந்து குடம் குடமாக ஊற்றி வேரை அழுகவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இலை உதிர்ப்பது அதன் ஓய்வு. ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும்.

வெட்டலாமா, பெயர்க்கலாமா, புதிதாக நடலாமா?

உங்கள் முன்னே மூன்று வழி இருக்கிறது. முதலாவது, இருக்கிற இடத்திலேயே வைத்துக்கொண்டு கத்தரியையும் யூரியாவையும் நிறுத்துவது. இதனால் பூ கூடும் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு தட்டு வரலாம். ஆனால் உங்கள் அம்மா வீட்டுத் தரை வராது. சுவரின் நிழலை உரத்தால் ஈடுகட்ட முடியாது.

இரண்டாவது, பெயர்த்து வேறிடத்தில் வைப்பது. ஐந்து வயதுச் செடி, குறுகிய சந்து, இரண்டு பக்கமும் சுவர். வேர்க்கட்டு உடையாமல் எடுக்கவே முடியாது. நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவதைத்தான் சொல்வேன். உங்கள் வீடு கிழக்கு பார்த்தது, வாசலுக்குத் தென்புறம் மூலையில் 10 அடிக்கு 12 அடி சும்மா கிடக்கிறது, அதற்குத் தெற்கே காலி மனை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிட நல்ல இடம் கிடையாது. காலை வெயில் முழுசாக விழும். சூரியன் தெற்கே சாயும் மாதங்களில் நண்பகல் தாண்டியும் விழும். வடக்கே நிற்கும் பழைய செடியை வெட்டாமல், அங்கே ஒரு புதுச்செடி வையுங்கள். புதிது பூத்த பிறகு பழையதைப் பற்றி யோசிக்கலாம்.

குழி எடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து மணலும் எருவும் கலந்து நிரப்பு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். செம்மண் பூமிக்கு அது சரி. களிமண்ணில் அப்படிச் செய்தால் அந்தக் குழி ஒரு தொட்டி மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் இறுகிய களி, நடுவே பொலபொலப்பான கலவை. ஐப்பசி மழையில் தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கி வெளியே வடியாமல் நிற்கும். அதனால் குழியைவிட மேடு நல்லது. தரையை ஓர் அடி ஆழத்துக்குக் கிளறிவிட்டு, அதன் மேல் தோட்ட மண், ஆற்று மணல், மக்கிய எரு மூன்றும் சம பங்காகக் கலந்து, ஒன்றரை அடி உயரத்துக்கு, நான்கைந்து அடி அகலத்துக்கு மேடு கட்டுங்கள். கன்றை அதன் உச்சியில் நடுங்கள். காம்பவுண்டிலிருந்து 5 அடியாவது தள்ளி இருக்கட்டும். இதன் வேர் ஆலமர வேர்போல் சுவரைப் பிளக்காது. தள்ளச் சொல்வது கிளை வெளியே போகாமல் இருப்பதற்காக.

கன்றுக்கு நர்சரிக்குப் போக வேண்டியதில்லை. ஆடி, ஆவணி மழையில் உங்கள் செடியிலிருந்தே, அதுவும் பக்கத்து வீட்டுப் பக்கம் நீட்டும் கிளையிலிருந்தே, பென்சில் கனமுள்ள அரை முற்றிய குச்சிகளை எட்டு அங்குலத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றி வையுங்கள். கத்தரி படக் கூடாது என்று சொன்னதற்கு இந்தப் பத்துக் குச்சி மட்டும் விலக்கு. பத்தில் மூன்று பிடித்தாலும் போதும். வேர்பிடித்த கன்றை மழை ஓய்ந்து தையில் தரைக்கு மாற்றலாம். அப்படியும் வராவிட்டால் விதை இருக்கிறது. தட்டையான வட்டக் காய் பழுப்பாகக் காயும்போது இரண்டாகப் பிளக்கும், பக்கத்துக்கு ஒரு விதை. அதைக் காயவைத்துப் பத்திரப்படுத்தாமல் உடனே போடுங்கள். முளைக்கச் சில வாரம் ஆகும். பூக்க இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள். போகன்வில்லா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, நம் வெயிலுக்கு நன்றாகவே பழகிவிட்டது, அதன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அதுவும் வெயில் விரும்பி. அந்த வடக்குச் சந்தில் வைத்தால் அதுவும் முள்ளும் இலையுமாகத்தான் நிற்கும். அந்தச் சந்தில் எதையாவது வளர்க்க வேண்டுமென்றால் நிழலும் ஈரமும் பிடித்த வெற்றிலைக் கொடியை விடுங்கள். உங்கள் பக்கத்து மண்ணில் வெற்றிலைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கொடிக்காலில் அகத்தி மேல் ஏறுகிற மாதிரி, உங்கள் பழைய பவளமல்லியின் தண்டின் மேலேயே ஏற்றிவிடலாம். அப்படியானால் அந்த மரத்தை வெட்டவே வேண்டாம்.

பக்கத்து வீட்டாரின் கோபம்

நான் வக்கீல் இல்லை. ஆனால் செடி ஆலோசனை சொல்லும் வேலையில் இந்தத் தகராறு அடிக்கடி வருவதால் பொதுவான நிலை தெரியும். உங்கள் மரக்கிளை அவர் மனைக்குள் நீட்டினால், தன் எல்லைக்குள் வந்த பகுதியை அவர் வெட்டிவிடலாம். அதை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் அதற்காக உங்கள் வளாகத்துக்குள் வரவோ, எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள கிளையையோ தண்டையோ தொடவோ அவருக்கு உரிமை இல்லை. சட்டம் இவ்வளவு பேசினால் போதும். அதற்கு மேல் போய் நாலு அடி சந்துக்காக ஆயுசுக்கும் பேசாமல் இருக்கும் வீடுகளைப் பார்த்து எனக்கு மனம் வலித்திருக்கிறது.

அவர் சொல்லும் கம்பளிப்பூச்சிப் பிரச்சினை உண்மையானது. மழைக்காலத்தில் கம்பளிப்புழுக்கள் பகலில் தண்டில் கும்பலாக ஒட்டிக்கொண்டு இருக்கும். அதன் ரோமம் பட்டால் அரிப்பு எடுக்கும். குழந்தைகள் உள்ள வீடு என்றால் கோபம் வருவது நியாயம்தான். பகலில் கூட்டமாக இருப்பதே நமக்கு வசதி. கையுறை போட்டுக்கொண்டு, பழைய விளக்குமாற்றால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள். மிச்சம் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்பு, மாலையில் தெளியுங்கள். கிளைக்கு இப்போதைக்கு ஒரு கயிறு கட்டி உங்கள் பக்கம் இழுத்து வையுங்கள். மாசியில் அந்தப் பக்கத்தை நன்றாகவே கழித்துவிடுகிறேன் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். தேதி சொன்னால் பாதிக் கோபம் போய்விடும்.

துக்க மரம் என்பதும் பாம்பு வரும் என்பதும்

மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் நிக்டாந்தஸ் ஆர்போர்-ட்ரிஸ்டிஸ். முதல் சொல்லுக்கு இரவுப் பூ என்று பொருள், அடுத்ததற்கு சோக மரம் என்று பொருள். இரவில் மலர்ந்து விடிவதற்குள் பூவையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பகலில் வெறுமையாக நிற்பதால் அந்தப் பெயர். சூரியனைக் காதலித்துக் கைவிடப்பட்ட இளவரசி எரிந்த சாம்பலில் முளைத்த மரம், அதனால்தான் சூரிய முகம் பார்க்காமல் உதிர்கிறது என்ற கதையும் உண்டு. கதை அழகானது. உண்மை என்னவென்றால், வெள்ளை நிறமும் வாசனையும் இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காக. அவை வந்துபோன பிறகு பூவுக்கு வேலை முடிந்துவிடுகிறது, உதிர்கிறது.

துக்கம் தரும் மரமென்றால் அதைக் கோயிலில் வைத்திருப்பார்களா? உங்களுக்குத் தூரமில்லாத திருவாரூர் மாவட்டத்துத் திருக்களரில் சுவாமி பெயரே பாரிஜாதவனேசுவரர். தல மரம் பவளமல்லி. களர் என்றால் உவர் மண் என்று உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயரில் களரும் கோயிலில் பவளமல்லியும் சேர்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி. மாமியாரை ஒரு நாள் அங்கே அழைத்துப் போங்கள்.

"இதுதான் நிஜப் பாரிஜாதமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் அந்தப் பெயர் இதற்குத்தான் வழங்குகிறது, ஆனால் எல்லா ஊரிலும் அப்படி இல்லை. உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கி மாவட்டத்துக் கிந்தூரில் பாரிஜாதம் என்று வணங்கப்படுவது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெருக்கமரம். நர்சரிகளிலும் வேறு வெள்ளைப் பூச்செடிகளைப் பாரிஜாதம் என்று கொடுத்துவிடுவது உண்டு. உங்களுடையது சரியானதுதான் என்று போன வருடப் பூவை நீங்கள் விவரித்ததிலிருந்தே தெரிகிறது: வெள்ளை இதழ், நடுவில் செம்மஞ்சள் கண், பவள நிறக் காம்பு. இலையைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், இளம் தண்டு நான்கு பட்டையாக இருக்கும். இந்த மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம்.

பாம்பு வாசனைக்கு வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும் வரும், ஒளிய இடம் இருந்தால் தங்கும். வீடு கட்டிய மிச்சச் செங்கல் அந்தச் சந்தில் அடுக்கியிருப்பதாக ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை அப்புறப்படுத்துங்கள். உதிர்ந்த இலையை வாரம் ஒரு முறை கூட்டி எருக்குழியில் போடுங்கள். பூப் பொறுக்க விடியலில் போகும்போது டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள்.

கஷாயத்தை நிறுத்துங்கள்

இந்த இடத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பவளமல்லி இலை சித்த, ஆயுர்வேத முறைகளில் மூட்டு வலிக்கும் காய்ச்சலுக்கும் காலம்காலமாகப் பயன்படுவதுதான். ஆனால் வைத்தியர் நாடி பார்த்து, இத்தனை இலை, இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு, நாமாகத் தினமும் ஒரு டம்ளர் கொதிக்க வைத்துக் குடிப்பது வேறு. உங்கள் கணவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். மருத்துவருக்குத் தெரியாமல் அவருக்கு எந்தக் கஷாயமும் வேண்டாம். முழங்கால் வலிக்கு நீங்களும் ஒரு முறை காட்டிவிடுங்கள். விருப்பமென்றால் அரசு சித்த மருத்துவப் பிரிவிலேயே கேட்கலாம். காய்ச்சல் என்றால், அதுவும் டெங்குப் பருவத்தில், இலையை நம்பி ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது, முதலில் இரத்தப் பரிசோதனை. இது தவிர, மேலே சொன்ன வேப்பெண்ணெயோ வேறு மருந்தோ தெளித்த செடியிலிருந்து எதற்கும் இலை பறிக்காதீர்கள்.

கடைசியாக, மாமியார் கேட்கச் சொன்ன கேள்வி: தரையில் விழுந்த பூவைச் சாமிக்குப் போடலாமா? மற்றப் பூக்களுக்கு உள்ள அந்த விலக்கு பவளமல்லிக்கு இல்லை. தானாக உதிர்ந்ததை எடுத்துச் சாத்துவதுதான் வழக்கம், கிளையிலிருந்து பறிக்க மாட்டார்கள். மண் ஒட்டக் கூடாது என்று நினைத்தால், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு பழைய வேட்டியைத் துவைத்து மரத்தடியில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிடுங்கள். விடிந்ததும் மூலைகளைச் சேர்த்துப் பிடித்தால் பூவெல்லாம் நடுவே வந்துவிடும். பூஜைக்குப் போக மிஞ்சினால் காம்பை மட்டும் கிள்ளி நிழலில் உலர்த்தி வையுங்கள். வெந்நீரில் போட்டால் குங்குமப்பூ நிறத்தில் சாயம் இறங்கும். முன்பு பட்டுக்கு இந்தச் சாயம் ஏற்றுவார்கள். உங்கள் வீட்டில் வெள்ளைப் பட்டுத் துண்டு ஏதாவது இருந்தால் முக்கிப் பாருங்கள். நாளாக ஆக வெயிலில் வெளுக்கும், அதனால் பீரோவில் வைக்கும் துணிக்குத்தான் சரியாக வரும்.

ஊன்றிய குச்சி துளிர்விட்டதும் எழுதுங்கள். எத்தனை இலை விட்டிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். தரைக்கு மாற்றும் நாளை அதை வைத்துச் சொல்கிறேன்.